அப்பா குடிக்காமல் வைத்த தேநீர்

எங்கள் வீட்டில் ஓர் அரசியல்வாதி இருந்தார். அவர் என் அப்பா. ஜொகூரில் ரயில் இரண்டு நிமிடம் மட்டும் நின்று போகும் ஒரு சின்ன ஊரில், டவுன் போர்டு மெம்பராக ஏழு வருடம் இருந்தார். அந்த ஏழு வருடமும் கூட்டத்தில் அவர் வாய் திறந்தது தேநீர் குடிக்க மட்டும்தான். அதையும் அவர் நிறுத்திய பிறகுதான் எங்கள் ஊரில் அரசியல் என்று ஒன்று நடந்தது.

ஊர் குளுவாங்கிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி. பெயரைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லவில்லை.

அப்போது ஓட்டு எல்லாம் கிடையாது. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பார்த்து அரசாங்கமே ஆளைப் போடும். தமிழருக்கு இரண்டே தகுதிதான் கேட்டார்கள். ஊர் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும், கெட்ட பெயர் இருக்கக் கூடாது. ஊரில் கடை வைத்திருந்த தமிழர்கள் இரண்டு பேர். அப்பா மளிகைக் கடை, இன்னொருவர் துணிக்கடை. துணிக்கடைக்காரர் சாயங்காலமானால் கள்ளுக்கடையில் கிடப்பார். ஆகவே அப்பா மெம்பரானார். தன் திறமையால் என்று அவர் கடைசிவரை நம்பினார், நாங்களும் குறுக்கே பேசவில்லை.

அவரைச் சிரிப்புக்கு ஆளாக்குவது என் நோக்கம் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்து, யாரோ ஒருவர் கடையில் எடுபிடியாக இருந்து, பத்து வருடம் அரிசி மூட்டைமேல் படுத்துத் தூங்கியவர். கடை லைசென்சுக்காக அந்த அரசாங்கக் கட்டடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் நின்றவர். அதே கட்டடத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். முதல் நாள் உட்காருவதற்கு முன்னால் மரியாதைக்காகத் தன் துண்டால் அந்த நாற்காலியைத் துடைத்தார். அதைப் பார்த்த பியூன் மற்ற நாற்காலிகளையும் துடைக்கச் சொன்னார். அப்பா எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பியூன் அன்றிலிருந்து அவரை 'துவான்', அதாவது ஐயா, என்று கூப்பிட்டார்.

போர்டில் ஐந்து பேர். தலைவர் ஒரு மலாய் அதிகாரி, மீசையும் மரியாதையும் நிறைந்த மனிதர், எல்லோரும் அவரைப் பெரிய துவான் என்பார்கள். சுகாதாரத்துக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர், மாதம் ஒருமுறை ரயிலில் வந்து இறங்குவார். ரப்பர் வாங்கி விற்கும் சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்போம். கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களின் தலைவரான பெங்குலு ஒருவர், கொஞ்சம் இங்கிலீஷும் தமிழும் தெரிந்தவர். ஐந்தாவது அப்பா.

அப்பாவுக்குக் கடை மலாய் நன்றாக வரும். ஆனால் கூட்டத்தில் பேசியது அரண்மனை மலாய். உப்பு, மிளகாய், கருவாடு என்று எதுவுமே அதில் வராது. காகிதங்கள் அரபு மாதிரியான ஜாவி எழுத்திலும் இங்கிலீஷிலும் இருக்கும். இரண்டும் அப்பாவுக்குத் தெரியாது. காட்டிய இடத்தில் தமிழில் கையெழுத்துப் போடுவார். நல்ல கையெழுத்து.

புரியவில்லை என்றால் கேட்கலாமே என்பீர்கள். கேட்கவிடாமல் செய்தது தேநீர். அப்பா ஊர்ப்பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போனாலும், பாகப்பிரிவினை பேசப் போனாலும், பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர்கூட வேண்டாம் என்பார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு மறுத்துப் பேசினால் அவன் மனுஷனே இல்லை.

போர்டில் என்ன செய்தார்கள் என்றால், கூட்டம் தொடங்கும் முன்பே பியூன் தட்டில் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிடுவார். அப்பா அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டார். முதலிலேயே கை நனைக்க வைத்துவிட்டுப் பிறகு பேசுகிறார்கள் என்றால், சம்மதம் வாங்கியாகிவிட்டது, மிச்சமெல்லாம் சடங்கு. அரசாங்கத்துக்கு எவ்வளவு நாகரிகம் என்று அதிசயப்பட்டார். குடித்துவிட்டுக் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருக்க அவர் என்ன நன்றி கெட்டவரா? பெரிய துவான் எதைப் படித்து நிமிர்ந்தாலும் அப்பாவின் கைதான் முதலில் மேலே போகும். மார்க்கெட்டுக்குத் தகரக்கூரை போட்டதும் அந்தக் கைதான், அடுத்த வருடம் அதைப் பிரித்ததும் அந்தக் கைதான்.

பதவியில் அவருக்கு மிகவும் பிடித்தது சுல்தான் பிறந்தநாள். அதற்குத் தங்க விளிம்பு போட்ட அழைப்பு அட்டை ஒன்று வரும். ஹைனான் தையற்காரரிடம் தைத்த கறுப்பு மூடுகோட்டு அதற்கென்றே பெட்டியில் கற்பூர உருண்டைகளோடு இருந்தது. கோட்டு கசங்கிவிடும் என்று ஜொகூர் பாருவரை ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு போவார். இறங்கிப் போட்டுக்கொள்வார். புல்வெளியில் நூற்றுக்கணக்கான பேருக்குப் பின்னால் நின்று சுல்தானின் தலைப்பாகையைப் பார்ப்பார். திரும்பி வந்து ஒரு மாதம் அதைச் சொல்வார். அட்டை சாமி படத்துக்குப் பின்னால் போகும். முருகனுக்குப் பின்னால் ஆறு அட்டைகள் சேர்ந்து, படம் சுவரில் சாய்ந்தே நின்றது.

அம்மாவின் ராஜ்ஜியம் வேறு. கடை பெரிய தெருவில் இருந்தது, வீடு ரயில் கேட்டைத் தாண்டிய சந்தில். அங்கே அம்மாவுக்கு மூன்று பசு. முதல் பசுவைத் தன் வளையலை விற்று வாங்கினாள். அப்பாவிடம் கேட்கவில்லை, பசுவைக் கட்டிய பிறகு காட்டினாள். எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் வீட்டில் யாருக்கு அதிகாரம் என்று அந்த வயதிலேயே எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். வேலை போனவர்களை ரயிலேற்றி, கப்பலேற்றி, ஊருக்கு அனுப்பினார்கள். போக மனசில்லாத ஆறு குடும்பங்கள் எங்கள் சந்தில் வந்து ஒண்டின. அம்மா எங்கள் பசுக்களின் கன்றுகளை வீட்டுக்கு ஒன்றாக வளர்க்கக் கொடுத்தாள். இரண்டு மூன்று வருடத்தில் ஆறு வீட்டிலும் பசு கறந்தது. காப்பிக் கடைக்கும், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கும், தோட்டத்து பங்களாக்களுக்கும் பால் போயிற்று. மாடு இருக்கும்வரை அவர்கள் இந்த ஊர்க்காரர்கள். மாடு போனால் மறுநாளே கப்பல்தான்.

சந்து நாறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாணி கால்வாயில் போயிற்று, கால்வாயில் கொசு, கொசுவால் காய்ச்சல். டாக்டர் சொன்னதில் பொய் இல்லை.

ஒருநாள் காலை பியூன் பசை வாளியோடு வந்து எங்கள் கடைச் சுவரில் ஒரு நோட்டீசை ஒட்டினார். மூன்று மொழியில் இருந்தது. மெம்பரின் சுவர் என்பதால் அரசாங்க நோட்டீசு எதுவானாலும் அங்கேதான் ஒட்டுவார்கள். அப்பாவுக்கு அதில் பெருமை. கோணலாக ஒட்டினால் தானே சரிசெய்வார். அன்றும் ஓரத்தை விரலால் நீவிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தார். அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த அம்மா வாசலில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். நான் கூட இருந்தேன். அவள் படித்து முடிக்கச் சாம்பார் ஆறிப்போனது.

"ஏங்க, இங்க வாங்க. இது என்னான்னு படிச்சீங்களா?"

"போர்டு நோட்டீசு. நம்ம செவுத்துலதான் ஒட்டணும்னு பெரிய துவான் சொன்னாராம்."

"ஒட்டட்டும். என்ன எழுதியிருக்கு?"

அப்பா வந்து படித்தார். அவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். இரண்டு தடவை படித்தார்.

"மாடு வளக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. ஊர் எல்லைக்குள்ள. மூணு மாசம் தவணையாம்."

"யாரு மாடு?"

"பொதுவாத்தான் எழுதியிருக்கு."

"இந்த ஊர்ல நம்ம சந்த விட்டா வேற யாருகிட்ட மாடு இருக்கு? தவுக்கே வீட்டுலயா கட்டியிருக்காரு? இதுக்கு யாரு கை தூக்குனது?"

"எல்லாரும் தூக்குனாங்க."

"நான் எல்லாரையும் கேக்கல. உங்க கைய கேக்குறேன். தெரிஞ்சா தூக்குனீங்க?"

அப்பா அந்தக் கையைப் பார்த்தார். "தே குடிச்சாச்சு. அப்புறம் எப்படி தூக்காம இருக்கிறது?"

அம்மா சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையிலிருந்து எங்கள் வீட்டில் அப்பாவுக்குத் தே ஓதான், அதாவது பாலில்லாத வெறும் சாயத் தண்ணீர். கேட்டதற்கு, "பால் இல்லாம இருக்கப் பழகிக்குங்க, நீங்கதானே சட்டம் போட்டீங்க" என்றாள். கொல்லையில் மூன்று பசுவும் அதைக் கேட்டுக்கொண்டு அசைபோட்டன.

அன்று மாலை சந்துப் பெண்கள் எங்கள் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. கடைசி வீட்டுப் பெண் மட்டும் அம்மாவிடம் கேட்டாள். "எங்கள கப்பல் ஏத்திருவாங்களாக்கா? எம்புள்ளைய இங்க தோட்டத்துலதான் பொதச்சிருக்கேன். அத விட்டுட்டு நான் எங்க போறது?" அப்பா உள்ளே கோட்டுப் பெட்டியின்மேல் உட்கார்ந்து இதைக் கேட்டார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, இருந்தும் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அம்மா அழுகிற ஜாதி இல்லை. யோசிக்கிற ஜாதி. இரண்டு நாள் யோசித்துவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

"அங்க கை நனைச்சா நீங்க மறுக்க முடியாது. சரிதானே?"

"சரிதான்."

"அப்ப நம்ம வீட்டுல அவங்க கை நனைச்சா?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழு வருட அரசியலில் அவருக்கு இது தோன்றவே இல்லை.

அந்த வாரம் எங்கள் மூத்த பசு கன்று போட்டது. முதல் சீம்பாலை அம்மா குலா மலாக்கா போட்டுக் கிண்டினாள். அந்தத் தென்னை வெல்லத்தால் அது மரப்பொம்மை நிறத்துக்கு வந்தது. ஏலக்காய் தட்டிப் போட்டாள். வீட்டில் கன்று பிறந்திருக்கிறது, வந்து இனிப்பு சாப்பிட வேண்டும் என்று அப்பா போர்டு முழுவதையும் அழைத்தார். நான்கு பேரும் வந்தார்கள். பெரிய துவான் சாணியைத் தாண்டித் தாண்டி அழகாக நடந்து வந்தார். டாக்டர் பால் கொதித்ததா என்று கேட்டார். பெங்குலு மொழிபெயர்த்தார். அம்மா, "கொதிக்காம எப்படிக் கெட்டியாகும், படிச்சவருதானே" என்றாள். பெங்குலு அதை மொழிபெயர்க்கவில்லை. தவுக்கே வீட்டில் பால் பழக்கம் கிடையாது. கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, மருந்தை விழுங்குவதுபோல் முழுவதையும் விழுங்கிவிட்டுக் கும்பிட்டார். பெரிய துவான் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினார்.

அவர்கள் போனதும் அம்மா கிண்ணங்களை எண்ணிப் பார்த்தாள். எல்லாம் காலி. "நாலு பேரும் கை நனைச்சுட்டாங்க. இனி எப்படி மாட்ட வெரட்டுவாங்கன்னு பாக்குறேன்" என்றாள். சந்து முழுவதும் அன்று நிம்மதியாகத் தூங்கியது.

அடுத்த கூட்டத்தில் பெரிய துவான் முதல் காரியமாக அப்பா வீட்டுச் சீம்பாலுக்கு நன்றி சொன்னார். அப்படி ஒன்றைத் தான் சாப்பிட்டதே இல்லை என்றார். டாக்டர் தலையாட்டினார். பிறகு பெரிய துவான், மாடுகளை அப்புறப்படுத்தும் நாள் நெருங்குகிறது, அதில் மாற்றம் இல்லை என்று படித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தின்னுட்டுமா?"

"தின்னுட்டுத்தான். அவங்களுக்கு அந்த வழக்கம் இல்ல போல."

"ரெண்டு கிண்ணம் வாங்கித் தின்னாரே அந்தப் பெரிய மனுசன்!" அம்மா கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப அவங்க குடுத்தத குடிச்சதுக்கு ஏழு வருசமா நீங்க மட்டும் கட்டுப்பட்டீங்களா?"

ஏழு வருடத்தில் தூக்கிய கைகள் எல்லாம் அப்போது அவர் கண்முன் வந்திருக்க வேண்டும்.

"அடுத்த கூட்டத்துல கை நனைக்காதீங்க."

"அது மரியாத இல்ல."

"தெரியும். அதுக்குத்தான்."

அந்தக் கூட்டத்தில் நடந்ததை எனக்குச் சொன்னவர்கள் இரண்டு பேர். அப்பா கொஞ்சம் சொன்னார். எங்கள் கடையில் வெற்றிலை வாங்க வரும் பெங்குலு மீதியைச் சொன்னார். தட்டு வந்தது. ஐந்து கோப்பை. ஊரெல்லாம் பசும்பால் இருக்க, டின் பால் ஊற்றிய தேநீர். நான்கு பேர் குடித்தார்கள். அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார். பெரிய துவான் படிக்கத் தொடங்கி, நிறுத்தி, அப்பாவின் கோப்பையைப் பார்த்தார். மறுபடி படித்தார். மறுபடி பார்த்தார்.

அம்மாவுக்கு ஒன்று தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், ஆனால் அவர் அதை நினைத்துச் செய்யவில்லை. மலாய்க்காரர்களிடமும் ஒரு வழக்கம் உண்டு. வைத்த உணவை உண்ணாவிட்டாலும் ஒரு விரலால் தொட்டாவது வைக்க வேண்டும். தொடாமல் எழுந்து போகிறவனைப் போகும் வழியில் பாம்போ முதலையோ பிடித்துக்கொள்ளும். கெம்புனான் என்பார்கள். வைத்தவருக்கும் அந்தப் பழி உண்டு. பெரிய துவான் படித்தவர், பிரிட்டிஷ் அதிகாரிகளோடு டென்னிஸ் ஆடுகிறவர். ஆனால் அந்த மாதம்தான் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன ஒருவனைப் புலி கொண்டுபோயிருந்தது. அப்பா வீட்டுக்குப் போவதோ ரயில் பாதையோரம், இரண்டு பக்கமும் லாலாங் புல் ஆளுயரம்.

"விரலால் தொட்டால் போதும்" என்றார் பெரிய துவான்.

அப்பா எழுந்து நின்றார். அரண்மனை மலாய் தெரியாததால் கடை மலாயில் சொன்னார். "மன்னிக்க வேண்டும் துவான். மாட்டு விஷயம் முடியட்டும், தொடுகிறேன்."

ஏழு வருடத்தில் அதுதான் அவருடைய முதல் பேச்சு. கூட்டம் ஏன் நின்றது என்று டாக்டருக்கு விளங்கவில்லை. இங்கிலீஷில் இரண்டு தடவை கேட்டார். தேநீர் ஆறிவிட்டது என்று பெங்குலு சொன்னார். மாட்டு விஷயத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டுப் பெரிய துவான் கூட்டத்தை முடித்தார். அப்பாவை வீடுவரை கொண்டுபோய்விட ஒரு போலீஸ்காரரைத் துப்பாக்கியோடு அனுப்பினார்.

அப்பாவைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று நினைத்துச் சந்தில் எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். போலீஸ்காரர் அம்மாவிடம் அப்பாவை ஒப்படைத்து, "பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதமும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த மாதமும். கோப்பை வரும், ஆறும், விஷயம் தள்ளிப் போகும், போலீஸ்காரர் வருவார். மூன்றாவது தடவை அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பால் குடித்துவிட்டுத்தான் போனார். நோட்டீசில் போட்டிருந்த தவணை தாண்டிப் போயிற்று. ஒரு மாட்டையும் யாரும் அவிழ்க்கவில்லை.

நான்காவது மாதம் பெரிய துவான் ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார். ஊரின் எல்லைக்கோடு அதில் சிவப்பில் இருந்தது. எங்கள் சந்தை வெளியே விட்டு, ரயில் கேட்டோடு அதை நிறுத்தி வேறு கோடு போட்டிருந்தார். ஊருக்குள் மாடு இருக்கக் கூடாது என்பதுதான் சட்டம். மாடு ஊரைவிட்டுப் போனாலும், ஊர் மாட்டைவிட்டுப் போனாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். டாக்டர் வரைபடத்தைப் பார்த்தார், தன் ஊரில் இனி மாடு இல்லை என்று கண்டு திருப்தியடைந்தார். ஐந்து கைகளும் உயர்ந்தன. அப்பா ஆறிய தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

சந்தில் அன்று திருவிழா. கடைசி வீட்டுப் பெண் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் இனி மெம்பர் இல்லை. அவருடைய இடத்தில் துணிக்கடைக்காரர்.

"ஏன்?" என்று அம்மா கேட்டாள்.

"இங்கிலீசு தெரிஞ்ச ஆள் வேணுமாம்."

"அந்தக் குடிகாரனுக்கு இங்கிலீசு தெரியுமா?"

"குடிச்சா கொஞ்சம் வரும்" என்றார் அப்பா.

அம்மா அதை நம்பினாள். அடுத்த பல வருடங்களுக்கு அவளுக்கு அது நல்ல ஆயுதமாகவும் இருந்தது. அப்பா எதிலாவது வாதாடினால், "ஆமா, இங்கிலீசு தெரியாம நாற்காலிய விட்டவருதானே நீங்க" என்பாள். அப்பா சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக எல்லைக்கல் நட்டார்கள். எங்கள் சந்து முனையில் இருந்த விளக்குக் கம்பத்தைப் பிடுங்கி, கல்லுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நட்டார்கள். குப்பை வண்டியும் கல்லோடு திரும்பிவிடும். அப்பா தினமும் இரண்டு வேளை அந்தக் கல்லைத் தாண்டிக் கடைக்குப் போய் வந்தார். அந்த வருடம் சுல்தான் பிறந்தநாளன்று அவர் கடையை மதியமே அடைத்துவிட்டு வந்தார். கோட்டுப் பெட்டியைத் திறந்து, கோட்டை உதறி, திரும்பவும் மடித்து வைத்தார். ரயில் சத்தம் கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போனார். துணிக்கடைக்காரர் அதில் போகிறார் என்று அவருக்குத் தெரியும். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். யாருக்காகவும் நான் அப்படி அழுததில்லை.

ஒன்றை மட்டும் அம்மா தவறாகப் புரிந்துகொண்டாள். எல்லை மாறிய பிறகு அம்மா அவருடைய தேநீரில் மறுபடியும் பால் ஊற்ற ஆரம்பித்தாள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். அந்தச் சில மாதங்களில் பாலில்லாத தேநீர் அவர் நாக்கில் படிந்துவிட்டது, பால் ஊற்றினால் குமட்டியது. தன்மேல் கோபத்தில்தான் குடிக்க மறுக்கிறார் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் ஏழு படி பால் கறந்தது, அவர் தே ஓ குடித்தார்.

நான்கைந்து வருடம் கழித்து ஒரு மத்தியானம் பெங்குலு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் மகளுக்குக் கல்யாணம், அழைக்க வந்திருந்தார். அப்பா கடையில் இருந்தார். நாற்காலி போட்டு, பால் கொடுத்து, பேச்சுவாக்கில் அம்மா தன் பழைய கேலியை எடுத்தாள். இங்கிலீஷ் தெரியாத மெம்பர் என்றாள். பெங்குலு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, யார் அப்படிச் சொன்னது என்று கேட்டார்.

பிறகு அவர் சொன்னது இது. வரைபடத்தை விரித்த அன்று பெரிய துவான் அப்பாவுக்காகவே கடை மலாயில் பேசினார். கோடு மாறினால் உன் வீடு எல்லைக்கு வெளியே போய்விடும், வெளியே இருப்பவர் மெம்பராக இருக்க முடியாது, புரிகிறதா என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார். கடைத் தெருவில் ஒரு வீடு பார்த்துத் தருகிறேன், அங்கே குடிவந்துவிடு, நாற்காலி உனக்கே இருக்கும் என்றும் சொன்னார். அப்பா சொன்ன பதிலைப் பெங்குலு மறக்கவில்லை. "மாட்டை விட்டு அவள் வரமாட்டாள். அவளை விட்டு நான் வரமாட்டேன்." சொல்லிவிட்டு, பெரிய துவான் கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டார்.

பெங்குலு போன பிறகு அம்மா அவர் குடித்த கிண்ணத்தைக் கழுவாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அப்பா வந்து துண்டை உதறி உட்கார்ந்ததும் முன்னால் போய் நின்றாள்.

"கடைசியா கை தூக்குனீங்களே, அது தெரிஞ்சா தூக்குனீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பெங்குலு வந்து போனது அவருக்குத் தெரியாது, ஆனாலும் கேள்வி புரிந்துவிட்டது.

"அது ஒண்ணுதான் தெரிஞ்சு தூக்குனது" என்றார்.

அம்மா அடுப்படிக்குப் போனாள். புதிதாகப் பால் காய்ச்சும் வாசனை வந்தது. நுரை தளும்பத் தேநீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அவருக்குப் பால் ஊற்றினால் ஆகாது என்று எனக்குத் தெரியும், சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அப்பா என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைக் காட்டினார்.

கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.